ஹைக்கூ இயங்குதளம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது, அதில் ஹைக்கூவைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப அதே இடங்களைச் சரிசெய்து கொடுத்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய பீ நிறுவனத்தின் சொத்துகளை 2001-ல் பாம் என்ற நிறுவனம் வாங்கியது. பீஓஎஸ்ஸைக் கைவிட மனமில்லாத தன்னார்வலர்கள் அதே ஆண்டு புதிதாக எழுதத் தொடங்கியதுதான் இந்த இயங்குதளம். 2004-ல் ஹைக்கூ என்ற பெயர் வந்தது. 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வெளியானது. அதாவது, இன்னும் பீட்டாதான். பயனர் கையேடு உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டது. ஆனால் உங்கள் லேப்டாப்பின் வைஃபை சிப், கிராபிக்ஸ், பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) மூன்றும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. அதைத் திரையில் தெரியும் அறிகுறியை வைத்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

## கை வைப்பதற்கு முன்

பென் டிரைவிலிருந்து ஹைக்கூவை ஓட்டிப் பார்ப்பதால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் கெடாது. நீங்களாக இன்ஸ்டாலரையோ, டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் டிரைவ்செட்டப் செயலியையோ திறந்து எழுதச் சொன்னால்தான் ஆபத்து. ஆகவே முதல் சில நாட்கள் பென் டிரைவிலேயே ஓட்டுங்கள்.

அந்த லேப்டாப்பில் வின்டோஸ் இருந்தால், பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸ் பக்கம் போங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத இயங்குதளங்களைத் தடுக்கும் அமைப்பு) அணைத்ததும் வின்டோஸ் அடுத்த முறை அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளை எடுக்கவே முடியாமல் போகலாம். இந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் குறியுங்கள், திரையை செல்போனில் படம் எடுங்கள். இரண்டு அமைப்புகளைச் சேர்த்து மாற்றி எல்லாம் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் மறுபடி கெடும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி: பென் டிரைவ் பூட் பட்டியலில் வரவே இல்லை

கோப்பைச் சும்மா நகல் எடுத்துப் போட்டது. இதுதான் அதிகம் பார்ப்பது. டவுன்லோடு ஆவது ஜிப் கோப்பு. அதைப் பிரித்தால் உள்ளே ஐஎஸ்ஓ கோப்பு இருக்கும். அந்த ஐஎஸ்ஓவை எட்சர், ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவ் முழுக்க எழுத வேண்டும். ரூஃபஸ் இரண்டு விதம் கேட்டால் டிடி இமேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவைத் திறந்தால் உள்ளே அந்த ஐஎஸ்ஓ கோப்பு அப்படியே தெரிகிறதா? அப்படியானால் அது எழுதப்படவில்லை, நகல்தான் ஆகியிருக்கிறது. மாறாக, எழுதி முடித்ததும் வின்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். ஹைக்கூவின் கோப்பு முறை வின்டோஸுக்குப் புரியாததால் அப்படிக் கேட்கிறது. ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கே "சரி" அழுத்தியதால் கெட்ட பென் டிரைவ்கள் ஏராளம்.

பல இயங்குதளங்களை ஒரே பென் டிரைவில் அடுக்கும் கருவிகளை முதல் முயற்சியில் தவிருங்கள். தனி பென் டிரைவ் வையுங்கள்.

பூட் வரிசை. லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு ஒரு சாவி. அந்தப் பட்டியலில் பென் டிரைவ் இரண்டு வரியாக வந்தால், யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்று போட்டிருப்பதை முதலில் தொடுங்கள். அது ஓடாவிட்டால் மற்றதை.

செக்யூர் பூட். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் செக்யூர் பூட் மீறல் என்று சிவப்புப் பெட்டி வந்தாலோ, ஒன்றுமே சொல்லாமல் மறுபடி வின்டோஸுக்கே போனாலோ இதுதான் காரணம். பயாஸில் அணைக்க வேண்டும். மேலே சொன்ன பிட்லாக்கர் சாவி கையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

32 பிட் கணினிக்கு 64 பிட் கோப்பு. மிகப் பழைய கணினி என்றால் 32 பிட் பதிப்பை எடுங்கள். பழைய பீஓஎஸ் செயலிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றாலும் 32 பிட்தான் வேண்டும். 64 பிட் பதிப்பில் அவை ஓடாது.

பென் டிரைவே கோளாறு. கோப்பு பிசகாமல் இறங்கியதா என்று பார்க்க, தரவிறக்கப் பக்கத்தில் ஷா-256 எண் கொடுத்திருப்பார்கள். இறங்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் ஓடவில்லையென்றால் வேறு நிறுவனத்தின் பென் டிரைவ் ஒன்றை முயலுங்கள். இந்த அறிகுறிக்கு அதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை.

## அறிகுறி: ஹைக்கூ படம் வந்து நடுவில் நின்றுவிடுகிறது

பூட் ஆகும்போது திரையில் ஏழு சின்னப் படங்கள் வரிசையாக ஒளிரும். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு படமும் ஒரு கட்டம். எந்தப் படம் கடைசியாக ஒளிர்ந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே முதல் வேலை, நின்ற திரையைப் படம் எடுப்பது. பழைய பென் டிரைவ் மெதுவாக இருக்கும், ஆகவே நின்றுவிட்டது என்று முடிவு செய்யும் முன் சில நிமிடம் பொறுங்கள்.

அடுத்து, பூட் மெனுவுக்குள் நுழையத் தெரிய வேண்டும். பழைய பயாஸ் கணினியில் ஹைக்கூ தொடங்குவதற்கு முன்பிருந்தே ஷிஃப்ட் சாவியை அழுத்திப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ கணினியில் ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கொண்டே இருங்கள். எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு பட்டியல் வரும். அதில் "செலக்ட் சேஃப் மோட் ஆப்ஷன்ஸ்" என்ற வரிதான் நமக்கு வேண்டியது. அங்கே தேர்ந்தெடுப்பது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால் தைரியமாக மாற்றிப் பார்க்கலாம்.

### முதல் அல்லது இரண்டாம் படத்தில் (அணு, பூதக்கண்ணாடி) நின்றால்

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் தொகுதிகளை அடுக்கும் கட்டம். இங்கே நிற்பது அரிது. நின்றால் பென் டிரைவை மறுபடி எழுதுங்கள். பிறகும் அப்படியே என்றால் மெம்டெஸ்ட் ஓட்டி ரேம் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

### மூன்றாம் படத்தில் (செருகு அட்டை) நின்றால்

கணினியில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று தேடும் கட்டம். முதலில் செலவில்லாத சோதனை: வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெமரி கார்டு, புளூடூத் டாங்கிள், வெளி மவுஸ் எல்லாம். பூட் ஆகும் பென் டிரைவ் மட்டும் இருக்கட்டும்.

அதன் பிறகும் நின்றால் சேஃப் மோட் பட்டியலில் இந்த வரிசையில் ஒவ்வொன்றாக: ஐஓ-ஏபிஐசியை முடக்குவது, லோக்கல் ஏபிஐசியை முடக்குவது, கடைசியாக ஏசிபிஐயை முடக்குவது. முதல் இரண்டும் சாதனங்களின் அழைப்புகளைக் கையாளும் பகுதிகள், ஏசிபிஐ மின்சாரத்தையும் சாதனங்களையும் நிர்வகிக்கும் பகுதி. ஏசிபிஐயைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அதை முடக்கி பூட் ஆனாலும் பேட்டரி அளவு தெரியாது, கணினி தானாக அணையாது, வேறு சில சாதனங்களும் காணாமல் போகலாம்.

### நான்காம் படத்தில் (பூட் டிஸ்க்) நின்றால்

அதிகம் பேர் நிற்கும் இடம் இதுதான். ஹைக்கூவை இதுவரை ஏற்றியது பயாஸ். இந்தக் கட்டத்தில் ஹைக்கூ தன் சொந்த டிரைவரால் பென் டிரைவைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். அது முடியவில்லை. பெரும்பாலும் திரை மாறி, "டிட் நாட் ஃபைன்ட் எனி பூட் பார்ட்டிஷன்ஸ்" என்ற வரியோடு கெர்னல் டீபக்கர் (பிழையை ஆராய்வதற்கான எழுத்துத் திரை) வந்து நிற்கும்.

பென் டிரைவை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். நீல நிறப் போர்ட்டில் இருந்தால் கறுப்புக்கு, கறுப்பில் இருந்தால் நீலத்துக்கு. நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். அடுத்து வேறு பென் டிரைவ். அதுவும் இல்லையென்றால் ஐஎஸ்ஓவை டிவிடியில் எழுதிப் பாருங்கள். ஹைக்கூவின் கோப்பு பென் டிரைவ், டிவிடி இரண்டுக்கும் ஒன்றேதான். பழைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பது இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

32 பிட் பதிப்பில் 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால், அதற்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் விருப்பத்தையும் சேஃப் மோட் பட்டியலில் முயலலாம்.

### ஐந்து, ஆறில் (சிப், கோப்புறை) நின்றால்

எஸ்எம்பியை முடக்கிப் பாருங்கள். அதாவது ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்யும். அப்படி பூட் ஆனால் எங்கே சிக்கல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள், வேகம் மிகக் குறைந்துவிடும். லோக்கல் ஏபிஐசியை மட்டும் முடக்கினால் போதுமா என்று அடுத்து பாருங்கள்.

### ஏழும் ஒளிர்ந்து (ராக்கெட்) பிறகு கறுப்புத் திரை

இது நல்ல செய்தி. ஹைக்கூ உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. சேஃப் மோட் பட்டியலில் ஃபெயில்-சேஃப் கிராபிக்ஸ் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு பூட் மெனுவின் முதல் பக்கத்தில் திரை அளவைத் தேர்ந்தெடுக்கும் பகுதி இருக்கும், அங்கே சிறிய அளவு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மடிக்கணினியோடு டிவியோ வேறு மானிட்டரோ இணைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். படம் அங்கே போயிருக்கலாம்.

### எதற்கும் அசையவில்லை என்றால்

பூட் மெனுவில் டீபக் விருப்பங்கள் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஆன்-ஸ்க்ரீன் டீபக் அவுட்புட்டை இயக்குங்கள். ஆன்-ஸ்க்ரீன் பேஜிங்கை முடக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சாவி தட்டச் சொல்லும். படங்களுக்குப் பதிலாக வரிகள் ஓடும். ஓட்டம் நின்றதும் கடைசி இருபது முப்பது வரிகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். அந்தக் கடைசி வரிகளில் ஒரு டிரைவரின் பெயர் தென்பட்டால் சேஃப் மோட் பட்டியலில் உள்ள, டிரைவர்களைத் தடுக்கும் பகுதிக்குப் போய் அந்த டிரைவரை மட்டும் தடுத்துவிட்டுத் தொடங்கலாம். வைஃபை டிரைவர் ஒன்றால் மொத்தமும் நிற்பதுண்டு. அதைத் தடுத்துவிட்டு, கேபிள் வழியாக நெட் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நிம்மதியாகப் பயன்படுத்தலாம்.

கெர்னல் டீபக்கர் வந்துவிட்டால், கே-டீபக் என்ற வரிக்குப் பக்கத்தில் "பிடி" (bt) என்று இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் எந்த வழியாக வந்து விழுந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதையும் படம் எடுங்கள். யுஎஸ்பி விசைப்பலகை அங்கே வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப்பின் சொந்த விசைப்பலகை பெரும்பாலும் வேலை செய்யும்.

வேலை செய்யும் விருப்பம் எது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு முறையும் பூட் மெனுவுக்குப் போக வேண்டியதில்லை. ஹோம் கோப்புறைக்குள் கான்ஃபிக், செட்டிங்ஸ், கெர்னல், டிரைவர்ஸ் என்று வரிசையாக உள்ளே போனால் கெர்னல் என்ற பெயரில் ஒரு உரைக் கோப்பு இருக்கும். அதில் இதே விருப்பங்கள் ஒவ்வொரு வரியாக, முன்னால் ஹேஷ் குறியோடு இருக்கும். வேண்டிய வரியின் ஹேஷ் குறியை நீக்கிச் சேமித்தால் போதும்.

பீட்டா ஓடாத கணினியில் நைட்லி பதிப்பு (அன்றாடத் திருத்தங்களோடு அடிக்கடி வெளியாகும் சோதனைப் பதிப்பு) ஓடுவது அடிக்கடி நடக்கிறது. ஏனென்றால் பீட்டாவுக்குப் பிறகு வந்த டிரைவர் திருத்தங்கள் அதில் இருக்கும். வேறு லேப்டாப் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் அதை முயலுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் செயலியில் 2 ஜிபி ரேம் கொடுத்து ஓட்டுங்கள். ஹைக்கூவைப் பழகிப் பார்க்க அது போதும்.

## அறிகுறி: வைஃபை காணவில்லை, அல்லது இணையவில்லை

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். டெஸ்க்பாரில் உள்ள நெட்வொர்க் ஐகானை வலது சொடுக்கினால் சுற்றியுள்ள வைஃபை பெயர்கள் வருகின்றனவா?

பெயர்கள் வருகின்றன, ஆனால் இணைய மாட்டேன் என்கிறது. டிரைவர் நன்றாக இருக்கிறது. ரவுட்டரின் பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே அமைப்பு உண்டு. கடவுச்சொல்லில் விநோதமான குறிகள் இருந்தால், தற்காலிகமாக எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

பெயர்களே வரவில்லை. டெர்மினலைத் திறந்து லிஸ்ட்டெவ் (listdev) என்ற கட்டளையை ஓட்டுங்கள். கணினியில் உள்ள எல்லாச் சாதனங்களும் வரும், வைஃபை சிப்பின் நிறுவனமும் எண்ணும் அதில் இருக்கும். பிராட்காம் சிப் என்றால் அதற்கான ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) தனியாக இறக்க வேண்டியிருக்கலாம். அதற்கென்றே இன்ஸ்டால்-வைஃபை-ஃபர்ம்வேர்ஸ் (install-wifi-firmwares.sh) என்ற ஸ்க்ரிப்ட் ஹைக்கூவில் இருக்கிறது. ஆனால் அதை ஓட்ட நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று வட்டமடிக்கும்.

அந்த வட்டத்தை உடைக்க எளிய வழி ஆண்ட்ராய்டு செல்போன்தான். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, செல்போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். 2022 டிசம்பரில் வந்த நான்காவது பீட்டாவிலிருந்து இது ஹைக்கூவில் வேலை செய்கிறது. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு கேபிளாக இருந்தால் ஒன்றும் நடக்காது, ஆகவே கேபிளை மாற்றியும் பாருங்கள். லேன் கேபிள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

லேப்டாப்பின் வைஃபை சிப்புக்கு டிரைவரே இல்லை என்று தெரிந்தால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாம். வாங்கும் முன் அதன் உள்ளே இருக்கும் சிப் என்ன என்று விசாரித்து, ஹைக்கூ ஆதரிக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் எண்ணை நம்பாதீர்கள், ஒரே மாடலில் சிப் மாறி வருவதுண்டு. திருப்பித் தர முடிகிற இடத்தில் வாங்குங்கள்.

## அறிகுறி: நெட் இருக்கிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை, ஹைக்கூடிப்போவில் எதுவும் இறங்கவில்லை

ஹைக்கூடிப்போ என்பது ஹைக்கூவின் செயலிக் கடை. அதுவும் தளங்களும் சேர்ந்து மக்கர் செய்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப் என்றால் பத்துக்கு எட்டு முறை இதுதான். தாய்ப்பலகையில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் எல்லாமே செல்லாதவையாகத் தெரியும். டைம் அமைப்பில் தேதியைச் சரிசெய்துவிட்டு உலாவியை மறுபடி திறங்கள்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருந்தால் பேட்டரியில் கோளாறு இல்லை. வின்டோஸ் கணினிக் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கிறது, ஹைக்கூ அதை ஜிஎம்டி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே டைம் அமைப்பில் ஹார்ட்வேர் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்ற தேர்வை வையுங்கள்.

ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் தேதி பின்னால் போனால் பேட்டரியை மாற்ற வேண்டும். மேசைக் கணினியில் சிஆர்2032 வாங்கி நீங்களே போடலாம். சில லேப்டாப்களில் அது வயரோடு, தாய்ப்பலகைக்கு அடியில் இருக்கும். அதைக் கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

## அறிகுறி: செயலியைச் சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை

ஐகானை மறுபடி மறுபடி சொடுக்காதீர்கள். டெர்மினலைத் திறந்து, செயலியின் கோப்பை அதற்குள் இழுத்துவிட்டு என்டர் தட்டுங்கள். ஏன் ஓடவில்லை என்று அது வாயைத் திறந்து சொல்லும்.

ரன்டைம் லோடர் இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு லிப் பெயரைச் சொன்னால், அந்த நூலகம் நிறுவப்படவில்லை. பிகேஜிமேன் கட்டளையில் இன்ஸ்டால் என்று எழுதி, லிப், முக்காற்புள்ளி, நூலகத்தின் பெயர் என்று (pkgman install lib:பெயர்) கொடுத்தால் அதைத் தரும் தொகுப்பை அதுவே தேடி எடுக்கும். அது ஹைக்கூவுக்கான கோப்பே இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் நீங்கள் இறக்கியது லினக்ஸ் கோப்பு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது இங்கே ஓடாது. ஹைக்கூடிப்போவில் அதே செயலி இருக்கிறதா என்று தேடுங்கள்.

திறந்து உடனே விழுந்தால், விழுந்த செயலியைப் பற்றி ஒரு பெட்டி வரும். அதில் அறிக்கையைச் சேமி என்பதைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பு உருவாகும். அதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு ஹோம் கோப்புறையின் கான்ஃபிக், செட்டிங்ஸ் பகுதியில் அந்தச் செயலியின் பெயரில் உள்ள கோப்பைப் பெயர் மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன அமைப்புக் கோப்பு என்றால் இதோடு சரியாகிவிடும்.

சிஸ்டம் கோப்புறைக்குள் எதையாவது நகல் போட்டுப் பார்த்து முடியவில்லை என்கிறவர்களும் உண்டு. அது பூட்டிய இடம். தொகுப்புகளைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. உங்கள் கோப்புகளுக்கு ஹோமின் கான்ஃபிக் கோப்புறைக்குள் நான்-பேக்கேஜ்டு என்று தனி இடம் இருக்கிறது.

## அறிகுறி: தமிழ் எழுத்து கட்டமாக அல்லது கலைந்து தெரிகிறது

கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றை இறக்கி, மேலே சொன்ன நான்-பேக்கேஜ்டு கோப்புறைக்குள் டேட்டா, அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போட்டு, செயலியை மூடித் திறங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கின்றன என்றால், நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இந்திய மொழிகளுக்குத் தேவையான, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலை ஹைக்கூவின் சொந்தத் திரை அமைப்பில் இன்னும் சேரவில்லை. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் போல எழுத்துகளைத் தானே கோக்கும் செயலிகளில் தமிழ் சரியாக வர வாய்ப்பு அதிகம். தமிழ் தட்டச்சு உங்களுக்கு அன்றாட வேலை என்றால் இப்போதைக்கு அதற்கு ஹைக்கூவை நம்ப வேண்டாம். நிரலாக்கம் தெரிந்த தமிழர் யாராவது இந்த இடத்தில் கை வைத்தால் எத்தனையோ மொழிக்காரர்களுக்கு உதவும் என்று மனதார நினைக்கிறேன்.

## அறிகுறி: சத்தம் வரவில்லை

மீடியா அமைப்பைத் திறந்து வெளியீடு எதில் இருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ பக்கம் போயிருந்தால் மாற்றிவிட்டு, அங்கேயே உள்ள மீடியா சேவைகளை மறுதொடக்கம் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். மிக்ஸரில் ஒலி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெட்போனில் வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால் டிரைவர் குறை, பிழை அறிக்கைதான் வழி.

## பழுது என்று நினைத்து அலைய வேண்டாதவை

கன்ட்ரோல்-சி நகல் எடுக்கவில்லை என்றால் அது பழுது அல்ல. ஹைக்கூவில் ஆல்ட் சாவிதான் அந்த வேலையைச் செய்கிறது. கீமேப் அமைப்பில் வின்டோஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மூடியைச் சாத்தினால் லேப்டாப் உறங்காது, அந்த வசதி இன்னும் வரவில்லை. பையில் வைக்கும் முன் முழுதாக அணையுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே சூடேறும்.

## அறிகுறி: அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகவில்லை

பூட் மெனுவுக்குப் போய், பூட் வால்யூமைத் தேர்ந்தெடுக்கும் வரிக்குள் நுழையுங்கள். அங்கே தேதியோடு பழைய நிலைகள் பட்டியலாக இருக்கும். அப்டேட்டுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றிருந்த ஹைக்கூ அப்படியே எழுந்து வரும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு எளிதாகப் பின்னால் போக வைக்கும் இயங்குதளங்கள் மிகக் குறைவு. மறுபடி நிறுவலாம் என்று பென் டிரைவைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள்.

## அறிகுறி: நிறுவியாயிற்று, பென் டிரைவை எடுத்தால் பூட் இல்லை

யுஇஎஃப்ஐ கணினியில் இது எதிர்பார்க்க வேண்டியதே. கோப்புகளை இன்ஸ்டாலர் எழுதிவிடுகிறது, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரை நாம் கையால் வைக்க வேண்டியிருக்கலாம். பென் டிரைவிலிருந்து மறுபடி தொடங்கி, டிஸ்க்கில் உள்ள சிறிய இஎஃப்ஐ பகுதியை மவுன்ட் செய்யுங்கள், அதாவது திறந்து வையுங்கள். சிஸ்டம், டேட்டா, பிளாட்ஃபார்ம் லோடர்ஸ் என்ற வழியில் ஹைக்கூ லோடர் (haiku_loader.efi) என்ற இஎஃப்ஐ கோப்பு இருக்கும்.

டிஸ்க்கில் ஹைக்கூ மட்டும்தான் என்றால், அதை இஎஃப்ஐ, பூட் என்ற கோப்புறைகளுக்குள் பூட்-எக்ஸ்64 (BOOTX64.EFI) என்ற பெயரில் வையுங்கள்.

வின்டோஸும் இருக்கிறது என்றால், அங்கே அதே பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கும். அதன் மேல் எழுதாதீர்கள். ஹைக்கூவுக்குத் தனி கோப்புறை உருவாக்கி அதில் வைத்து, ரீஃபைன்ட் போன்ற பூட் தேர்வியால் தேர்ந்தெடுங்கள்.

பழைய பயாஸ் கணினி என்றால் இன்ஸ்டாலரின் டூல்ஸ் பட்டியலில் பூட் செக்டரை எழுதும் வரி இருக்கிறது, அது போதும்.

நிறுவும்போது உள் டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் அது ரெய்டு முறையில் இருக்கலாம். ஏஎச்சிஐக்கு மாற்றினால் ஹைக்கூவுக்குத் தெரியும், ஆனால் ஏற்கனவே உள்ள வின்டோஸ் எழாமல் போகலாம். வின்டோஸ் வேண்டுமென்றால் இந்த அமைப்பைத் தொடாமல் பென் டிரைவிலோ வெளி எஸ்எஸ்டியிலோ ஹைக்கூவை வைத்துக்கொள்ளுங்கள்.

## எங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

டிரைவ்செட்டப்பில் தவறான பகுதியை இனிஷியலைஸ் (ஃபார்மேட்) செய்துவிட்டீர்கள், அதில் வேண்டிய படங்களோ ஆவணங்களோ இருந்தன என்றால் அந்த நிமிடமே கணினியை அணையுங்கள். மறுபடி பூட் செய்து பார்ப்பது, வின்டோஸை நிறுவிப் பார்ப்பது, இணையத்தில் கிடைத்த மீட்புச் செயலியை அதே டிஸ்க்கில் ஓட்டுவது எதுவும் வேண்டாம். டிஸ்க்கில் புதிதாக எழுதப்படும் எதுவும் பழைய கோப்பின் மேல் விழலாம். டிஸ்க்கைக் கழற்றி, தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி தெரிந்தவராக இருந்தாலும் முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

பென் டிரைவ் இல்லாமலும் கணினி உயிர் பெறவில்லை, டிஸ்க்கில் டிக் டிக் சத்தம், சூடேறி அணைகிறது என்றால் ஹைக்கூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இந்த இரண்டும் இல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் நிபுணர்கள் ஹைக்கூவை எழுதுகிறவர்கள்தான். அவர்களுடைய பிழைப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம். முதலில் உங்கள் லேப்டாப் மாடலையும் அறிகுறியையும் வைத்துத் தேடுங்கள், ஏற்கனவே பதிவு இருந்தால் அதிலேயே சேருங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எபவுட் ஹைக்கூ சாளரத்தில் எச்-ரெவ் என்று தொடங்கும் எண், லிஸ்ட்டெவ் தந்த பட்டியல், சிஸ்டம், வார், லாக் கோப்புறையில் உள்ள சிஸ்லாக் கோப்பு, நின்ற திரையின் படம், எந்த விருப்பத்தை மாற்றினால் என்ன நடந்தது என்று தாளில் குறித்த வரிசை ஆகியவற்றை இணையுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். பதில் வர நாள் ஆகலாம். புதிய நைட்லியில் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால், அந்தப் பென் டிரைவை அழித்துவிடாமல் வைத்திருந்து உடனே சோதித்துச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப் அவர்கள் கையில் இல்லை.